ஊழியரின் தகைமையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தல்: ரோஸ்டர் போடுகிறவர்களுக்கு ஓர் அறிமுகம்

திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் உயிர்காப்பாளருக்குத் தோள்பட்டை விலகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையைக் கட்டுப்போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். நடக்கலாம், விருந்தினருக்குத் துவாய் எடுத்துக் கொடுக்கலாம், வரவேற்பு மேசையில் தொலைபேசிக்குப் பதில் சொல்லலாம். கடலில் இறங்கி ஒருவரை இழுத்துவர மட்டும் முடியாது.

அவரை ஆறு வாரம் லீவில் போட்டால், வேறு வேலை செய்யக்கூடிய ஓர் ஆளை இழக்கிறீர்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் ரோஸ்டர் (கடமை அட்டவணை) மென்பொருள் அவரையே மறுபடி கடற்கரைக் காவலுக்குப் போடும். அவருடைய பெயருக்கு எதிரே “உயிர்காப்பு” என்று இருக்கிறது, அதுதான் அதற்குத் தெரியும். சரி, அந்தத் தகைமையையே அழித்துவிடுவோம் என்று பலர் செய்கிறார்கள். கையோடு பயிற்சித் திகதி, சான்றிதழ் இலக்கம், காலாவதித் திகதி எல்லாம் போய்விடும். ஆறு வாரம் கழித்து யாராவது நினைவில் வைத்திருந்து திரும்ப ஏற்ற வேண்டும். ஒரு வருடம் கழித்து விசாரணை ஒன்று வந்தால், மார்ச் மாதத்தில் இவருக்கு அந்தத் தகைமை இருந்ததா இல்லையா என்று காட்ட எதுவும் இருக்காது.

சரியான வழி, தகைமையை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் ஒரு கால எல்லைக்குத் தடை போடுவது. மென்பொருளுக்கு மென்பொருள் பெயர் வேறு. இந்தக் கட்டுரையில் “நிறுத்திவைப்பு” என்று எழுதுகிறோம்.

கணினி எப்படி யோசிக்கிறது

ரோஸ்டர் மென்பொருள் எதுவானாலும் உள்ளே இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்று, யாருக்கு என்ன தகைமை, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை. மற்றது, எந்த ஷிஃப்டுக்கு என்ன தகைமை தேவை. இரண்டும் பொருந்தினால் ஆளைப் போடும். நிறுத்திவைப்பு என்பது மூன்றாவது பட்டியல்: யாருடைய, எந்தத் தகைமை, எப்போதிருந்து எப்போது வரை செல்லாது. ஆளைப் போடுவதற்கு முன் கணினி மூன்றையும் பார்க்கிறது. மூன்றாவது பட்டியலில் பெயர் இருந்தால், முதல் பட்டியல் என்ன சொன்னாலும் அந்த ஷிஃப்டுக்கு அவர் இல்லை. மற்ற ஷிஃப்டுகளுக்கு இருக்கிறார்.

லீவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். லீவு ஆளையே அட்டவணையிலிருந்து எடுக்கிறது. நிறுத்திவைப்பு ஒரு வேலையை மட்டும் எடுக்கிறது. ஒழுக்காற்று விசாரணையில் வரும் பணி இடைநீக்கம் முற்றிலும் வேறு விஷயம். அதற்குக் கடிதம், விசாரணை, சட்டம் எல்லாம் உண்டு. மேற்பார்வையாளர்கள் சிலர் இந்த இரண்டையும் ஒன்றாக்கி, பிந்தி வந்தவரின் தகைமையை நிறுத்திவைத்து “பாடம்” புகட்டுவார்கள். அதை அனுமதித்தால் பட்டியலின் மதிப்பு போய்விடும். பிறகு ஒருவரின் பெயர் அதில் இருப்பதைப் பார்த்து, பாதுகாப்புக் காரணமா, முகாமையாளரின் கோபமா என்று யாருக்கும் தெரியாது.

எப்போது போடுவது

திருகோணமலையில் இது ஹோட்டல்களுக்கு மட்டுமான சங்கதி இல்லை. சீனக்குடாவில் கோதுமை மா ஆலை, எண்ணெய்த் தாங்கிகள். சீமெந்து ஆலையும் துறைமுகமும் உண்டு. கடற்கரையில் சுழியோடும் நிலையங்கள். இப்படியான வேலைத்தளங்கள் எல்லாவற்றிலும் “சான்றிதழ் இல்லாமல் தொடாதே” என்கிற வேலை ஒன்றாவது இருக்கும். ஆனால் காரணங்கள் ஒரே மாதிரி இல்லை. காரணத்தைப் பொறுத்துத்தான் தடையை எப்படி நீக்குவது என்பதும் அமைகிறது.

எளிதானது காகிதம் காலாவதியாவது. பவுசர் சாரதியின் அனுமதிப்பத்திரம் முடிந்துவிட்டது, புதியது கைக்கு வரவில்லை. அல்லது சுழியோடிப் பயிற்றுநரின் முதலுதவிப் பயிற்சி பழசாகிவிட்டது. பாடி (PADI) என்ற சர்வதேசச் சுழியோடல் பயிற்சி அமைப்பின் தொழில்முறை உறுப்பினர்கள் முதலுதவி, இதய இயக்க மீட்புப் பயிற்சியை 24 மாதத்துக்குள் எடுத்திருக்க வேண்டும். அந்த 24 மாதம் முடியும் நாளை மென்பொருளில் ஏற்றி வைத்திருந்தால் கணினி தானாகவே நிறுத்தும். புதிய சான்றிதழ் வந்து ஏறியதும் தானாகவே விடும். இங்கே மனிதர் யோசிக்க வேண்டியது அதிகம் இல்லை.

உடல்நலம் அப்படியில்லை. சமையலறை ஆளுக்கு வயிற்றோட்டம் வந்தால் பிரித்தானிய உணவுத் தர முகமையின் வழிகாட்டல், அறிகுறி கடைசியாக நின்றதிலிருந்து 48 மணி நேரம் உணவைத் தொடக் கூடாது என்கிறது. பல ஹோட்டல்கள் பின்பற்றுவதும் அதையே. கவனியுங்கள்: எண்ணிக்கை தொடங்குவது நோய் வந்த நேரத்திலிருந்து அல்ல, நின்ற நேரத்திலிருந்து. செவ்வாய் காலை 10 மணிக்குக் கடைசியாகப் போனார் என்றால் வியாழன் காலை 10 மணி வரை தடை. வியாழன் 6 மணி ஷிஃப்டுக்கு அவர் வர முடியாது. புதன் இரவு மறுபடி வந்தால் கணக்கு முதலிலிருந்து. ஆகவே தடையைப் போடும்போதே முடிவுத் திகதி தெரியாது. தெரிந்ததாக நினைத்து ஒரு திகதியை அடித்துவிடுவதுதான் இங்கே வழக்கமான பிழை.

அடுத்தது ஒரு சம்பவத்துக்குப் பிறகு போடுவது. போர்க்லிஃப்ட் (சரக்குத் தூக்கும் வண்டி) ஓட்டுகிறவர் சரக்கு அடுக்கில் மோதிவிட்டார், யாருக்கும் காயமில்லை. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் போர்க்லிஃப்ட் ஓட்டுநரைக் குறைந்தது 3 ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பிடச் சொல்கின்றன. விபத்தோ மயிரிழையில் தப்பிய சம்பவமோ நடந்தால், வேறு வகை வண்டி கொடுத்தால், வேலையிட நிலைமை மாறினால், மூன்று ஆண்டைப் பார்க்காமல் மறுபயிற்சி கொடுக்க வேண்டும். நம் நாட்டுத் தொழிற்சாலைக்கு அந்த விதி சட்டமல்ல. ஆனால் எப்போது நிறுத்திவைப்பது என்று சொந்தமாக விதி எழுதுகிறவர்களுக்கு அந்த நான்கு காரணங்களும் நல்ல தொடக்கம்.

கடைசியாக, நீண்ட நாள் கை விட்டுப்போனவர்கள். விமானிகளுக்கு இது எப்போதோ வந்துவிட்டது: உரிமம் செல்லுபடியாக இருந்தாலும், கடந்த 90 நாளில் மூன்று முறை மேலெழுந்து மூன்று முறை தரையிறங்கியிராவிட்டால் பயணிகளோடு பறக்க முடியாது. நம் கடற்கரைக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்பதற்குப் பின்னால் வருவோம்.

போடும் முறை

தடையைப் பதிவுசெய்யும்போது குறைந்தது இவ்வளவு வேண்டும்: ஊழியர் இலக்கம், தகைமை, தொடங்கும் திகதியும் நேரமும், மீளாய்வுத் திகதி, காரண வகை, எது நடந்தால் தடை நீங்கும், யார் நீக்கலாம். கடைசி இரண்டையும் வெறுமையாக விட்டால் மூன்று வாரத்தில் தகராறு நிச்சயம். “போர்க்லிஃப்ட், 12 ஜூன் காலை 8 மணி முதல், மீளாய்வு 19 ஜூன், காரணம் சம்பவம், நீங்கும் நிபந்தனை: நேரடி ஓட்டப் பரீட்சையில் சித்தி, நீக்குபவர் பாதுகாப்பு உத்தியோகத்தர்.” ஒரு வரிதான், ஆனால் புதிதாக வரும் மேற்பார்வையாளரும் வாசித்து விளங்கிக்கொள்வார்.

காரண வகைக்கு நான்கு ஐந்து சொல் போதும். நோயின் பெயரை அங்கே எழுதாதீர்கள். ரோஸ்டர் திரையைப் பலர் பார்க்கிறார்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. “மருத்துவம்” என்று மட்டும் போட்டு, விபரத்தை மனிதவளப் பிரிவின் கோப்பில் வையுங்கள்.

தடை போட்டாயிற்று என்றால் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் பெரும்பாலான மென்பொருள்கள் இனிப் போடப்போகும் ஷிஃப்டுகளைத்தான் தடுக்கின்றன. ஏற்கெனவே வெளியிட்ட ரோஸ்டரில் அவர் பெயர் அப்படியே இருக்கும். ஓரத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் வரும், அவ்வளவுதான். ஆகவே தடையைப் பதிந்த கையோடு, அந்தக் காலத்துக்குள் அந்தத் தகைமை தேவைப்படும் அவருடைய ஷிஃப்டுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். தடையை முதலில் போட்டுவிட்டுப் பிறகு மாற்று ஆளைத் தேடுங்கள். மாறிச் செய்தால், வெற்றிடத்தைத் தானாக நிரப்பும் வசதி அவரையே திரும்பக் கொண்டுவந்து உட்கார வைக்கும்.

அத்தோடு, காத்திருக்கும் ஷிஃப்ட் மாற்றக் கோரிக்கைகளையும் பாருங்கள். நேற்று இன்னொருவருடைய சனிக்கிழமைக் கடமையை இவர் எடுப்பதாகச் சம்மதித்திருப்பார், முகாமையாளர் இன்றைக்கு அனுமதிப்பார். அனுமதிக்கும் நேரத்தில் தகைமையைத் திரும்பச் சரிபார்க்காத மென்பொருள்கள் உண்டு.

ஆட்களின் கணக்கையும் உடனே போட்டுப் பாருங்கள். மூன்று ஷிஃப்ட், ஏழு நாள், ஷிஃப்டுக்கு ஒரு போர்க்லிஃப்ட் ஓட்டுநர் என்றால் வாரத்துக்கு 21 ஆள்-ஷிஃப்ட் தேவை. ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து ஷிஃப்ட் என்றால் கையில் 25 இருக்கிறது. ஒருவரை நிறுத்திவைத்தால் 20. வாரத்துக்கு ஒன்றுதான் குறைகிறது, ஒருவர் ஆறாவது ஷிஃப்ட் செய்து சமாளிப்பார். ஆனால் மீதி நால்வரில் ஒருவர் லீவு எடுத்தால் அந்த வாரம் 15தான். நிறுத்திவைக்க வேண்டியவரை நிறுத்திவைக்காமல் மேற்பார்வையாளர் கண்டும் காணாமல் விடுவது பெரும்பாலும் இந்தக் கணக்கு உதைக்கிற இடத்தில்தான். தகைமை உள்ளவர்கள் எத்தனை பேர் வேண்டும் என்பதைத் தேவைக்குச் சரியாக வைக்காமல், ஒருவர் நிறுத்திவைப்பிலும் ஒருவர் லீவிலும் இருந்தாலும் ஓடக்கூடிய அளவுக்கு வைப்பதே இதற்கு மருந்து. மேலே உள்ள கணக்கில் அது ஏழு பேர்.

சம்பந்தப்பட்டவரிடம் நேரில் சொல்லுங்கள், அதுவும் கைத்தொலைபேசியில் “உங்கள் கடமை நீக்கப்பட்டது” என்ற தானியங்கிச் செய்தி போகுமுன். என்ன காரணம், எவ்வளவு காலம், எது செய்தால் திரும்பக் கிடைக்கும், சம்பளத்துக்கு என்ன ஆகும் என்ற நான்கையும் சொன்னால் அநேகமாக வாக்குவாதம் வராது.

கணினிக்கு வெளியேயும் ஓட்டைகள் உண்டு. ரோஸ்டரின் படம் வாட்ஸ்அப் குழுவில் போயிருக்கும், அறிவித்தல் பலகையில் பழைய தாள் தொங்கும். போர்க்லிஃப்டின் சாவி மேசை லாச்சியில் இருக்கும். யாரும் எடுக்கலாம். பழைய படத்தை அழித்துப் புதியதைப் போடுவது, சாவிப் புத்தகத்தில் பெயரை எடுப்பது இரண்டும் சின்ன வேலைகள். ஆனால் நிறுத்திவைக்கப்பட்டவர் அந்த வேலையைச் செய்துவிடுவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

திகதிகள் செய்யும் குழப்பம்

“19 ஜூன் வரை” என்றால் 19 உட்படவா, 18 முடியவா? மென்பொருள்கள் இதில் ஒன்றுபோல் இல்லை. கையேட்டை நம்பாமல், பரிசோதனை ஊழியர் ஒருவரை உருவாக்கி, 19ஆம் திகதிக் காலை ஷிஃப்டில் போட்டுப் பாருங்கள். ஆட்களுக்கு எழுதும்போது “வரை” என்பதை விட்டு, “திரும்பச் செய்யக்கூடிய முதல் நாள் 20 ஜூன்” என்று எழுதுவது நல்லது.

இரவு ஷிஃப்ட் இன்னொரு பொறி. 11ஆம் திகதி இரவு 10 மணிக்குத் தொடங்கி 12 காலை 6 மணிக்கு முடிகிறது. தடை 12ஆம் திகதி தொடங்குகிறது. ஷிஃப்ட் தொடங்கும் நாளை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு இதில் பிழை எதுவும் தெரியாது. எட்டு மணி நேரத்தில் ஆறு மணி நேரம் தடைக்குள்ளேதான் விழுகிறது. அனுமதிப்பத்திரம் நள்ளிரவோடு முடியும் சாரதிக்கு இது சட்டப் பிரச்சினையாகவே ஆகிவிடும். தடையை முந்தைய இரவு ஷிஃப்ட் தொடங்கும் நேரத்திலிருந்தே போட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு மென்பொருள் என்றால் நேர வலயத்தையும் பார்க்க வேண்டும். இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். சேவையகம் பொது நேரத்தில் ஓடி, நீங்கள் அடித்த “12 ஜூன்” என்பதை அந்த நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொண்டால், தடை நம் நேரப்படி காலை 5.30க்குத்தான் தொடங்கும். அதற்கு முன் 5 மணிக்குத் தொடங்கும் காலைச் சமையலறை ஷிஃப்ட் தப்பிவிடும்.

பின்திகதியிடுவது பற்றி ஒரு வார்த்தை. சான்றிதழ் 1ஆம் திகதியே முடிந்திருக்கிறது, நீங்கள் 9ஆம் திகதிதான் கண்டுபிடித்தீர்கள். தடையை 1ஆம் திகதியிலிருந்தே போடுங்கள். இடையிலுள்ள ஷிஃப்டுகள் சிவப்பாகும். ஆகட்டும், அதுதான் நடந்தது. எப்போது கண்டுபிடித்தீர்கள் என்பதைப் பதிவு நேரம் காட்டும். சம்பளக் காலம் பூட்டப்பட்டதால் மென்பொருள் மறுத்தால், இன்றிலிருந்து போட்டுவிட்டு குறிப்பில் உண்மைத் திகதியை எழுதுங்கள்.

ஒன்றைப் பிடித்துத் தொங்கும் மற்றவை

ஒரு தகைமையின்மேல் வேறு தகைமைகள் நிற்கும். ஷிஃப்ட் தலைவராக இருக்க முதலுதவியும் போர்க்லிஃப்டும் வேண்டும் என்று விதி இருந்தால், முதலுதவியை நிறுத்தியதும் தலைவர் பொறுப்பும் நிற்க வேண்டும். சில மென்பொருள்கள் இதைத் தாமாகச் செய்கின்றன, பல செய்வதில்லை. எளிதில் கண்ணில் படாதது பயிற்றுநர் தகைமை. போர்க்லிஃப்ட் ஓட்டத் தடை உள்ளவர் அதே வாரம் புதியவர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து “தேறினார்” என்று கையெழுத்தும் போட்டுவிடுவார். தடை நீங்கிய பிறகும் அந்தப் புதியவரின் சான்று கேள்விக்குரியதாகவே இருக்கும்.

எதிர்ப்பக்கமும் கவனம் வேண்டும். தேவைக்கு மேல் நிறுத்திவைக்காதீர்கள். காதில் தொற்று வந்த சுழியோடி வழிகாட்டி தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. ஆனால் புறாத்தீவுக்குப் போகும் படகில் ஆட்களை எண்ணிப் பதிவது, காற்றுருளைகளைச் சரிபார்ப்பது எல்லாம் செய்யலாம். “சுழியோடல்” என்று ஒரே தகைமையாக வைத்திருந்தால் இப்படிப் பிரிக்க முடியாது. ஆகவே தகைமைகளை உருவாக்கும்போதே உடலால் செய்வதையும் மேற்பார்த்துச் செய்வதையும் தனித்தனியாக வையுங்கள். இன்னொன்று: ஒரே தகைமை தமிழில் ஒன்றாகவும் சிங்களத்தில் ஒன்றாகவும் ஆங்கிலத்தில் ஒன்றாகவும் மூன்று தடவை ஏறியிருக்கும் கோப்புகள் இங்கே சாதாரணம். ஒன்றை நிறுத்தினால் மற்ற இரண்டும் திறந்தே கிடக்கும். பெயர் எந்த மொழியில் இருந்தாலும் குறியீட்டு இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும்.

கொடுப்பனவைத் தனியாக எடுத்துப் பேசத்தான் வேண்டும். தகைமைக்கு மாதக் கொடுப்பனவு இணைத்திருந்தால், நிறுத்திவைப்பு சம்பளத்தைத் தானாகக் குறைக்கிறதா என்று முதலில் பரிசோதியுங்கள். குறைக்கிறது என்றால் அந்த இணைப்பைத் துண்டியுங்கள். கொடுப்பனவு நிற்குமா தொடருமா என்பது நியமனக் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் பார்த்து மனிதர் எடுக்க வேண்டிய முடிவு. கணினி சத்தமில்லாமல் எடுத்தால் மாத முடிவில்தான் தெரியவரும், அடுத்த நிறுத்தம் தொழில் திணைக்களமாக இருக்கும். எங்கள் பார்வையில், கையைக் காட்டி “எனக்கு முடியவில்லை” என்று தானாக வந்து சொல்கிறவரின் கொடுப்பனவில் கை வைக்காமல் இருப்பதே நிறுவனத்துக்கும் இலாபம். வைத்தால் அடுத்தவர் வலியை மறைத்துக்கொண்டு கடலில் இறங்குவார்.

நீக்குவது

திகதி வந்ததும் தானாக நீங்கும் தடை, நிபந்தனை நிறைவேறினால் மட்டும் நீங்கும் தடை என இரண்டு வகை உண்டு. சான்றிதழ்க் காலாவதியில், புதிய சான்றிதழின் திகதி ஏறியதும் கணினி தானாக நீக்கினால் போதும். மருத்துவத்துக்கும் சம்பவத்துக்கும் இரண்டாவதே சரி. ஆறு வாரத்தில் தோள் ஆறிவிடும் என்பது எதிர்பார்ப்பு, திகதி வந்துவிட்டதால் தோள் ஆறிவிடாது. ஆனால் முடிவுத் திகதி இல்லாத தடைகளுக்கும் ஒரு நோய் உண்டு: மறக்கப்படுவது. ஆள் தேறி, பரீட்சையும் எழுதி, யாரும் கணினியில் நீக்காததால் மாதக்கணக்கில் வேறு வேலை செய்துகொண்டிருப்பார். வாரம் ஒருமுறை, மீளாய்வுத் திகதி கடந்த தடைகளின் பட்டியலை ஒருவர் பார்க்க வேண்டும். அது யாருடைய வேலை என்று பெயர் குறித்து வையுங்கள்.

நீக்கும்போது தடைப் பதிவை அழிக்காமல், முடிவு நேரத்தை இட்டு மூடுங்கள். தடை போட்டவரும் நீக்குபவரும் ஒருவராக இல்லாமல் இருப்பது நல்லது, குறிப்பாகச் சம்பவங்களில். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் மேற்பார்வையாளரே நீக்கவும் முடியும் என்றால், தடை வெள்ளிக்கிழமைக்கு மேல் தாக்குப்பிடிக்காது.

எக்செல் மட்டும் இருப்பவர்களுக்கு

இருபது முப்பது பேர் உள்ள இடத்துக்கு மென்பொருள் வாங்கத் தேவையில்லை. ஒரு தாளில் தகைமைகள், ஒரு தாளில் தடைகள், ஒரு தாளில் ரோஸ்டர். ரோஸ்டர் தாளில், நிபந்தனைகளுக்குப் பொருந்தும் வரிகளை எண்ணும் கவுண்ட்இஃப்ஸ் (COUNTIFS) சூத்திரம் போட்டு, அந்த ஊழியர், அந்தத் தகைமை, தொடக்கம் அந்த நாளோ அதற்கு முன்னோ, முடிவு அந்த நாளுக்குப் பின் என்று நான்கு நிபந்தனை கொடுங்கள். விடை பூச்சியம் இல்லை என்றால் கட்டம் சிவப்பாக வேண்டும்.

இதில் ஒரு கள்ளப் பிழை உண்டு. முடிவுத் திகதியை வெறுமையாக விட்ட தடைகளை “அந்த நாளுக்குப் பின்” என்ற நிபந்தனை எண்ணாது. வெறுங்கட்டம் எந்தத் திகதியையும்விடப் பெரியதாகக் கணக்கில் வராது. அதாவது முடிவு தெரியாத, ஆகக் கவனமாக இருக்க வேண்டிய தடைகளே வேலை செய்யாது. சிவப்பும் வராது, எச்சரிக்கையும் வராது. முடிவு தெரியாதவற்றுக்கு 31.12.2099 போன்ற ஒரு திகதியை இடுங்கள், மீளாய்வுத் திகதியைத் தனி நிரலில் வையுங்கள். திகதிகள் உண்மையில் திகதியாக இருக்கின்றனவா, எழுத்தாக ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். எழுத்தானவையும் எண்ணப்படா.

வாடைக்குப் பிறகு

உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்குச் சோழகக் காலம்தான் வியாபாரம். வாடை தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் உயிர்காப்பாளர்களும் படகோட்டிகளும் சுழியோடி வழிகாட்டிகளும் தண்ணீரை விட்டு விலகியிருப்பார்கள். ஏப்ரலில் திரும்ப வரும்போது சான்றிதழ் எல்லாம் செல்லுபடிதான். நீச்சல் வேகம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. கடலின் அடிமணலும் இடம் மாறியிருக்கும்.

இவர்கள் எல்லோருடைய நீர்சார்ந்த தகைமைகளுக்கும் பருவம் முடியும் நாளில் ஒரே தடவையில் தொகுதியாகத் தடை போட்டுவிடுங்கள். காரணம் “பருவ இடைவெளி”, நிபந்தனை: கடலில் நேர அளவிட்ட நீச்சல், ஆளை இழுத்துவரும் பயிற்சி, இதய இயக்க மீட்புச் செய்முறை. விருந்தினர் வரத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே பரீட்சையை வையுங்கள். முதல் தடவை தேறாதவருக்கு மறுபரீட்சைக்கு நாள் வேண்டும். எல்லோருக்கும் ஒன்றாகப் போடுவதால் யாருக்கும் மனக்குறை வராது. தேறியவருடைய தடையை ஒவ்வொன்றாக நீக்குங்கள். தொகுதியாகப் போட்டதைத் தொகுதியாகவே நீக்கினால், பரீட்சைக்கு வராதவரும் சேர்ந்து கடற்கரைக்குப் போய்விடுவார்.